பச்சைச் சீட்டு

அன்றைக்கு அந்த முன்னறையில் ஆறு பேர் இருந்தார்கள். கை வைத்த ஒரே நாற்காலியில் மேனேஜர். அதை மின்விசிறிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டது வீட்டுக்காரி இல்லை, அவளுடைய அண்ணன். அந்த அண்ணன் தையல் மெஷினுக்கு முன்னால் கிடந்த முக்காலியில், எந்த நேரமும் எழுந்து நிற்கத் தோதாக, நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி வாசலை ஒட்டிப் பாயில் உட்கார்ந்து, உள்ளே நடப்பதைக் காதாலும் தெருவில் நடப்பதைக் கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் ஃபிட்டர். முழங்கை வரை கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் கைக்கொரு தலையணையில் கிடத்தியிருந்தார்கள். கட்டில் கால்மாட்டில் கம்பவுண்டர், மருந்துத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கத்திரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறாவது ஆள் தையல்காரி, ஃபிட்டரின் பெண்டாட்டி. அவள் உட்காரவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள்.

டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. மேனேஜர் அதைத் தொடவில்லை. தோல் பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"இதுல ஒண்ணும் இல்லம்மா. நடந்தத நடந்தபடி எழுதியிருக்கு. அவரால கையெழுத்துப் போட முடியாது, கைநாட்டும் வைக்க முடியாது. சம்சாரம் நீங்க போட்டா செல்லும். பக்கத்துல ஒரு சாட்சி இருந்தாப் போதும்."

"படிங்க சார்."

"உங்க அண்ணன் படிச்சுட்டாரே."

"அவர் படிச்சது அவருக்கு ஆச்சு. எனக்கு நீங்க படிங்க."

மேனேஜர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தையல் மெஷினின் சக்கரத்தைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் மேனேஜர் படித்தார். மேற்படி ஊழியர் பெட்டியின் சுவிட்சை அணைக்காமலும், கையுறை அணியாமலும், தன்னுடைய கவனக்குறைவால் விபத்துக்கு உள்ளானார் என்று அந்த ஒற்றை வாக்கியம் பாதித் தாளுக்கு ஓடியது.

"அணைச்சேன்," என்றார் ஃபிட்டர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் அதுதான். கஞ்சி ஊட்டும்போது சொல்வார். தூக்கத்தில் சொல்வார். யாரும் கேட்காதபோதும் சொல்வார்.

"கையுறைன்னீங்களே சார்," என்றாள் தையல்காரி. "மொத்த ஆளுக்கும் ஒரே ஒரு ஜோடி. அதுலயும் கட்டைவிரல் பிஞ்சு போனது. தைச்சுத் தர முடியுமான்னு இவர் வீட்டுக்கே எடுத்துட்டு வந்தார். ரப்பர ஊசியால தைச்சா ஓட்டைதான் பெருசாகும்னு திருப்பிக் குடுத்தேன். அதையும் தாள்ல சேத்துக்கலாமா?"

"பழசெல்லாம் எதுக்கும்மா இப்ப."

"பழசில்ல சார். போன மாசம்."

ஊருக்கு வெளியே, செடி முளைக்காத மேட்டு நிலத்தில் இருந்தது அந்தச் சூரிய மின் நிலையம். ஊரார் அதைப் பேனல் காடு என்றார்கள். காடு என்று பேரே தவிர ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. பேனலுக்கு அடியில் குனிந்தால் அனல் முதுகில் இறங்கும், நிமிர்ந்தால் கண்ணாடி வெளிச்சம் கண்ணைக் குத்தும். விடிவதற்குள் தண்ணீர் வண்டியை இழுத்துப் போய்ப் பறவை எச்சத்தையும் புழுதியையும் துடைப்பது ஒரு கூட்டம். பகலில் வரிசை வரிசையாக நடந்து கம்பி, திருகு, ஃபியூஸ் பார்ப்பது இன்னொரு கூட்டம். ஃபிட்டர் இரண்டாவது கூட்டத்தில் இருந்தார். பல வரிசைப் பேனல்களின் கம்பிகள் வந்து சேரும் இரும்புப் பெட்டிகள் அங்கே வயல் வரப்பில் நட்ட கல் மாதிரி வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெட்டியின் வயிற்றிலும் ஃபியூஸ்கள், பக்கவாட்டில் பெரிய சிவப்புக் கைப்பிடி. கைப்பிடியைத் திருப்பினால் பெட்டி வழியாக ஓடும் கரண்ட் நின்றுவிட வேண்டும். நின்ற பிறகே ஃபியூஸை உருவ வேண்டும். அதுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தை ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் தையல்காரியின் அண்ணன். அங்கே அவனுக்குப் பாதுகாப்பு அதிகாரி வேலை. வேலையே பேராகி, ஊரெல்லாம் அவனைச் சேஃப்டி என்றுதான் கூப்பிட்டது. தங்கச்சி புருஷனைப் பேனல் காட்டில் சேர்த்துவிட்டதும் அவன்தான். சாப்பிட வந்தால்கூடப் பாடம் நடத்துவான். "வீட்டுக் கரண்ட் மூச்சு விட்டு மூச்சு வாங்கி ஓடற கரண்ட் மாப்ள. பொறி கிளம்புனாலும் அந்த இடைவெளியில செத்துரும். பேனல் கரண்ட் மூச்சே விடாது. பிடிச்ச பொறி பிடிச்சதுதான். இழுக்க இழுக்க நீளும், இரும்பையே உருக்கிரும். ராத்திரி வந்தாத்தான் அது தூங்கும். சூரியனுக்கு சுவிட்சு கிடையாது பாத்துக்க." பருப்பில் கை வைத்தபடி அவன் இதைச் சொல்லும்போதெல்லாம் தையல்காரி, "அண்ணே, சோறு ஆறுது," என்பாள். கேட்டுக் கேட்டு அவளுக்கே பாடம் மனப்பாடம்.

விபத்து நடந்த அன்று நடுப்பகல். ஒரு வரிசையில் உற்பத்தி குறைகிறது, ஃபியூஸைப் பார் என்று ஆபீசிலிருந்து போன் வந்தது. ஃபிட்டர் போனார். கைப்பிடியைத் திருப்பினார். பெட்டியைத் திறந்தார். ஃபியூஸை உருவினார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். பக்கத்து வரிசையில் நின்றவன், பெட்டிக்குள் இன்னொரு சூரியன் உதித்த மாதிரி இருந்தது என்றான்.

கம்பவுண்டர் வலது கைக் கட்டைப் பிரிக்கத் தொடங்கினார். துணி தோலோடு ஒட்டிய இடத்தில் தண்ணீர் விட்டு ஊற வைத்தார். ஃபிட்டர் பல்லைக் கடித்தார். மேனேஜர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாருங்க சார், பாருங்க," என்றார் கம்பவுண்டர். "நீங்க எழுதிக்கிட்டு வந்த தாளுக்குக் கீழ இதுதான இருக்கு."

"நீங்களே ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டுருங்களேன். தினமும் வந்து போறவர்."

"நான் புண்ணுக்குத்தான் சார் சாட்சி. இவர் சுவிட்ச அணைச்சப்ப நான் கடையில இருமல் மருந்து வித்துக்கிட்டு இருந்தேன்."

அண்ணன் தொண்டையைச் செருமினான். "பாப்பா, நான் சொல்றதக் கேளு. கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவப் பாத்துக்குது. கை ஆறுனதும் மாப்ளைக்கு கேட்ல வாட்ச்மேன் வேலை. உக்காந்த இடத்துல சம்பளம். வேற எந்தக் கம்பெனி குடுக்கும்? ஒரு கையெழுத்துதான்."

"அணைக்காமத் தொட்டாருன்னு நான் எழுதிக் குடுக்கணும். அதுக்குக் கூலி வாட்ச்மேன் வேலை."

"அப்படி ஏன் எடுத்துக்கற?"

"வேற எப்படி எடுத்துக்க? நீயே சொல்லு. இவர் அணைக்காமத் தொடற ஆளா?"

ஃபிட்டர் வீட்டில் பல்பு மாற்றுவதென்றால்கூட மெயினை இறக்கிவிட்டு, அடுக்களையில் ஒருமுறை விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவனே அண்ணன்தான்.

"மீட்டர் வெச்சுப் பாத்துட்டுத் தொட்டிருக்கணும்," என்றார் மேனேஜர். "பாத்தாரான்னு கேளுங்க."

"மீட்டர் ஆபீஸ்ல இருந்துச்சு," என்றார் ஃபிட்டர். குரல் கட்டிலைத் தாண்டி வர மறுத்தது. "போய் வாங்கிட்டு வரலாம்னு பாத்தா, அதுக்குள்ள ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க, ஏன் இன்னும் உற்பத்தி ஏறலன்னு. எனக்கும் யோசனைதான். அந்தப் பெட்டியில முன்னாடியே ஒரு தீய்ஞ்ச வாடை. திரும்பிப் போயிரலாம்னுதான் நினைச்சேன். அப்பத்தான் சீட்டப் பாத்தேன்."

"எந்தச் சீட்டு?" என்றாள் தையல்காரி. இதை அவர் இதுவரை சொன்னதில்லை.

"பச்சைச் சீட்டு. சுவிட்சு சோதிக்கப்பட்டது, நல்ல நிலைன்னு பெட்டி மேல ஒட்டியிருக்கும். கீழ மச்சான் கையெழுத்து." அவர் மூச்சு வாங்கினார். "வேற யாரு கையெழுத்தா இருந்தாலும் திரும்பிப் போயிருப்பேன். மச்சான் பாத்திருக்காரேன்னு திறந்தேன்."



தையல்காரி நிலையை விட்டு நகர்ந்து அண்ணனுக்கு எதிரே வந்து நின்றாள். "அந்தப் பெட்டிய நீ சோதிச்சியா?"

"சோதிக்காமயா ஒட்டுவாங்க? எல்லாப் பெட்டியும் சோதிச்சேன். ஒவ்வொண்ணா."

"எப்படிச் சோதிச்சே?"

"சுவிட்ச அணைச்சேன். மீட்டர் வெச்சேன். சுழி. ஓட்டமே இல்ல. அப்புறம்தான் ஒட்டுனேன்."

"அணைக்கறதுக்கு முன்னாடி மீட்டர்ல எவ்வளவு இருந்துச்சு மச்சான்?" என்றார் ஃபிட்டர்.

அது குற்றம் சாட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்ட குரல்.

"இந்த டெக்னிக்கல் சமாச்சாரமெல்லாம் இங்க எதுக்கு," என்றார் மேனேஜர்.

அண்ணிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. புருஷனை ஆளாளுக்குக் கேள்வி கேட்பதை அவள் எந்த நாளும் பொறுத்தவள் இல்லை. பாயிலிருந்தே வெடித்தாள்.

"என்ன ஆளாளுக்கு மடக்கறீங்க? அந்தச் சோதனை நடந்த நாள்லாம் மனுஷன் பட்ட பாடு எனக்குத் தெரியும். பொழுது சாஞ்சுதான் கிளம்பிப் போவாரு. டார்ச்ச வாயில கடிச்சுக்கிட்டு ஒவ்வொரு பெட்டியாத் திறந்து பாத்துட்டு, இருட்டி எத்தனையோ நேரம் கழிச்சு வீட்டுக்கு வருவாரு. சோத்த மூடி வெச்சுட்டு உக்காந்திருப்பேன். அப்படி உழைச்ச மனுஷன நிக்க வெச்சுக் கேக்கறீங்களே."

அவள் சொல்லி முடித்தபோது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

தையல்காரிக்குச் சோறு ஆறின அந்தப் பாடமெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ராத்திரி வந்தால்தான் அது தூங்கும். தூங்குகிற கரண்டில் கைப்பிடியை அணைத்தால் என்ன, அணைக்காவிட்டால் என்ன? அணைப்பதற்கு முன்னாலும் சுழி, பின்னாலும் சுழி. உள்ளே சுவிட்சின் நாக்கு உருகி ஒட்டிக்கொண்டு, கைப்பிடி சும்மா திரும்புகிறதா என்பது, வெயில் அடித்து ஓட்டம் இருக்கும்போது பார்த்தால்தானே தெரியும்? குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் திருகை மூடிப் பார்த்து, சொட்டவில்லை, திருகு நல்ல திருகு என்று எழுதிக் கொடுத்த கதை.

"சூரியனுக்கு சுவிட்சு கிடையாதுன்னு சொல்லுவியேண்ணே," என்றாள். குரல் உயரவில்லை. உயராததுதான் பயமாக இருந்தது. "அது போனப்புறம் போய் என்னத்தச் சோதிச்சே?"

மேனேஜர் எழுந்துகொண்டார். தாளை மெஷின் பலகையில் வைத்து, மேலே துணி வெட்டும் கத்திரிக்கோலைப் பாரமாக வைத்தார். "பேசி முடிங்க சேஃப்டி. நாளைக்கு ஆள் அனுப்பறேன்." செருப்பை மாட்டும்போது அண்ணியின் பாயை மிதித்துக்கொண்டு போனார். அண்ணி பாயை இழுத்துக்கொண்டாள்.

வண்டிச் சத்தம் ஓய்ந்தது.

"பகல்ல கேட்டேன் பாப்பா," என்றான் அண்ணன். "சத்தியமா கேட்டேன். பகல்ல ஒவ்வொரு பெட்டியா அணைச்சுப் பாத்தா உற்பத்தி குறையும், மேல இருந்து கேப்பாங்க, சாயங்காலம் பாத்துக்கன்னுட்டாங்க. நான் என்ன செய்ய?"

"ஒட்டாம வந்திருக்கலாம்."

"வேலை போயிருக்கும்."

"உன் வேலை போகலேண்ணே. நல்லாத்தான் இருக்கு. இவரு கைதான் போச்சு."

"சும்மா சும்மா கையக் காட்டாத," என்றாள் அண்ணி. "வேணும்னா செஞ்சாரு? புருஷன் கைக்கு அண்ணன் கழுத்தக் கேப்பியா?"

"கழுத்த யாரு கேட்டா அண்ணி? அணைச்சவர அணைக்கலன்னு எழுதுன தாளோட அண்ணன் வந்து நிக்கறாரே, அதத்தான் கேக்கறேன். சோதனைல தப்புன்னா அண்ணன் பேரு வரும். என் வீட்டுக்காரர் தப்புன்னா வேற யாரு பேரும் வராது. அதுக்குத்தான இந்தத் தாளு?" அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "தெரியாம ஒட்டியிருந்தாக்கூட மன்னிச்சிருவேன். உனக்குத் தெரியும். எனக்கே தெரியும், உன் வாயால கேட்டு."

கம்பவுண்டர் மருந்தைத் தடவி முடித்துப் புதுத் துணியைச் சுற்றினார். "இந்தப் பக்கம் இறுக்கமா இருக்கா?" என்று ஃபிட்டரைக் கேட்டார். அந்த அறையில் அவரிடம் யாராவது எதையாவது கேட்டு நெடுநேரம் ஆகியிருந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலை, கடைக்காரர் கேட்டிருந்த பள்ளிச் சட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, தையல்காரி மெஷின் பலகையில் வெள்ளைத் தாளை விரித்தாள். மேனேஜர் வைத்துவிட்டுப் போன தாள் அப்படியே கத்திரிக்கோலுக்கு அடியில் கிடந்தது. அவள் எழுதப்போவது அரசாங்க மின் ஆய்வாளருக்கு. விலாசத்தைக் கம்பவுண்டர் கேட்டுச் சொல்லியிருந்தார். துணியை வெட்டுவதற்கு முன் கோடு போடுகிற மாதிரி, எது முதலில், எது பிறகு என்று மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு எழுதினாள். போன் வந்தது. கைப்பிடி திருப்பியது. மீட்டர் ஆபீசில் இருந்தது. சீட்டையும் அதன் கீழ் அண்ணன் பேரையும் பார்த்தது. ஃபிட்டர் சொல்லச் சொல்ல எழுதினாள். எங்காவது சந்தேகம் வந்தால், "கைப்பிடிய எந்தப் பக்கம் திருப்புனீங்க?" என்று நிறுத்திக் கேட்டாள்.

சோதனை நடந்த நேரம் வந்ததும் அவர் நிறுத்தினார்.

"அத விடு."

"எத?"

"மச்சான் சமாச்சாரத்த. சுவிட்சு கெட்டுருச்சுன்னு மட்டும் எழுது. அவங்களே கண்டுபிடிக்கட்டும்."

"யாரு கண்டுபிடிப்பா? அந்தப் பெட்டி எரிஞ்சு கரியாக் கிடக்கு."

"வேலை வாங்கிக் குடுத்தவரு. நம்ம கல்யாணத்துக்கு ஓடியாடி நின்னவரு. நான்தான பாக்காமத் தொட்டேன்."

தையல்காரி பேனாவைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவ அப்படிச் சொன்னீங்கன்னா எனக்கு உங்க மேலயும் ஆத்திரம் வரும். அந்த மேனேஜர் தாள்ல எழுதுனதையே நீங்களும் சொல்றீங்க. அவனுக்காவது அதுல ஆதாயம் இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?"

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "அந்தச் சீட்டு ஒட்டுனது ஒரு பெட்டியில மட்டும் இல்ல," என்றார்.

அவள் மறுபடி பேனாவை எடுத்தபோது வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அண்ணன் மட்டும் வந்தான். சவரம் செய்யாத முகம். உள்ளே வந்தவன் உட்காரவில்லை. பலகைமேல் இருந்ததை நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தான்.

"எல்லாம் இருக்கட்டும் பாப்பா. நியாயம்தான். சாயங்காலம் சோதிச்சாங்கன்னு எழுது. என் பேர மட்டும் எடுத்துரு. புள்ளைங்க இருக்கு."

"எடுக்கறேன்."

அவன் நம்பாமல் பார்த்தான்.

"எடுக்கறேண்ணே. இப்ப நேரா அங்க போ. வெயில் நல்லா இருக்கு. உன் கையெழுத்துப் போட்ட பச்சைச் சீட்டு அத்தனையையும் கிழிச்சுக் கொண்டாந்து இந்தப் பலகையில போடு. உன் பேரு இருக்கற வரிய நானே அடிச்சுடறேன்."

"விளையாடறியா? கேட்லயே நிறுத்திருவாங்க. என் கதி என்ன ஆகும்?"

"அங்க இன்னிக்கும் ஆளுங்க வேலை செய்யறாங்களா இல்லையா?"

"செய்யறாங்க."

"பெட்டியத் திறக்கும்போது எதப் பாப்பாங்க?"

நல்லவன், பயந்தவன், வீட்டில் கோழி அறுப்பதைக்கூடப் பார்க்க மாட்டாதவன். அவன் பேர் அந்தக் காடெல்லாம் ஒட்டிக் கிடந்தது. அவனை நம்புகிறவர்களாகப் பார்த்து அது பிடிக்கும்.

"கேட்ல நிறுத்துவாங்கன்னு பயப்படறே," என்றாள். "என்னைக் கேட்டா, போய் நின்னு பாத்துட்டு வந்து பயப்படணும். போறியா?"

அண்ணன் கட்டிலைப் பார்த்தான். ஃபிட்டர் இப்போது சுவரைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "போங்க மச்சான்," என்றார். கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார்.

அண்ணன் வாசல் வரை போனான். ஸ்கூட்டர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு வெயிலில் நின்றான். தையல்காரி எழுதுவதை நிறுத்திவிட்டு, கிளம்பும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். அவள் அப்படிக் காத்திருந்ததைப் பிறகு நினைத்தபோது, அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவளுக்கு அவன்மேல் அதிகம் கோபம் வந்தது. அவன் திரும்பி உள்ளே எட்டிப் பார்த்து, "மத்தியானம் வரைக்கும் யோசிக்கறியா?" என்றான்.

"அப்பப் பேரு இருக்கட்டும்," என்றாள் அவள்.

மீதியை வேகமாக எழுதினாள். பாதுகாப்பு அதிகாரி, என் உடன்பிறந்த அண்ணன், என்று எழுதினாள். பெட்டிகளைப் பகலில், ஓட்டம் இருக்கும்போது, சோதிக்க வேண்டும். அதுவரை அந்தச் சீட்டை நம்பி யாரும் எதையும் திறக்கக் கூடாது என்று எழுதினாள். மேனேஜரின் தாளை எடுத்துக் கையெழுத்துக்கு விட்டிருந்த வெற்றிடத்தின் குறுக்கே கோடு இழுத்து, அதையும் சேர்த்து மடித்தாள். பக்கத்து வீட்டுக்காரியை ஃபிட்டருக்குத் துணையாக உட்காரச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வாசலில் அண்ணன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். பழக்க தோஷத்தில், "ஏறு, கொண்டு விடறேன்," என்றான். அவள் தெருவின் நிழலில்லாத பக்கமாகவே நடந்தாள்.

தபாலாபீசில் கூட்டமில்லை. கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்து மிக்சரைக் கொறித்துக்கொண்டிருந்தாள்.

"ரெஜிஸ்தர் தபாலா?"

"ஆமா. போய்ச் சேந்ததுக்கு அத்தாட்சி வர்ற மாதிரி."

"உறை ஒட்டாம இருக்கே. பசை அங்க இருக்கு."

பசை டப்பாவில் பாதிக்கு மேல் காய்ந்து கிடந்தது. தையல்காரி அடியில் இருந்ததை விரலால் வழித்து உறையின் வாயில் தடவி மடக்கினாள். உள்ளங்கை வேர்வையில் அது நழுவியது. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, முஷ்டியாக மடக்கி, உறையை மேஜையோடு வைத்து அழுத்தினாள். உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டு நின்றாள். மேஜைக்கால் கிறீச்சிட்டது.

"ஒட்டிருச்சும்மா," என்றாள் கவுண்டர்காரி. "விடுங்க. கிழிஞ்சுரப் போவுது."

தையல்காரி கையை எடுத்தாள். கவுண்டர்காரி உறையை இழுத்து, எடை போட்டு, முத்திரையைக் குத்தி, பின்னால் திரும்பிப் பாராமலே சாக்குக்குள் வீசினாள்.